கொட்டியாரக் குடாவில் நாலு கல்

கிண்ணியாப் பாலத்தில் ஓடுகிற பஸ் அரசாங்கத்துடையதா தனியாருடையதா என்று அபூதாஹிருக்குக் கப்பலில் நின்றே தெரியும். பாலத்தடியிலிருந்து அவர் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. ஏழு நாள் காவலுக்கென்று இரண்டு சாரமும் ஒரு துவாயும் எடுத்துக்கொண்டு ஏறியவர், எழுபத்தொன்பதாவது நாளும் மேல்தளத்தில் நின்று அந்தப் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் கட்டுநாயக்காவில் ஹஜ் விமானம் ஏறவேண்டும். அவர் ஏறாவிட்டால் மனைவி றம்ஸியாவும் ஏறமுடியாது. கணவனோடு போகிறவள் என்றுதான் அவளுடைய பெயரைப் பதிந்திருந்தது. இரண்டு பெயரும் ஒரே தாளில். பத்து வருசமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே பயணம் அது.

அபூதாஹிருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்தொன்பது வருசம் கப்பல் வாச்சர். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிற கப்பல்களில் ஏறி, கயிறும் பெயின்ற் வாளியும் களவு போகாமல் பார்த்துக்கொள்வது வேலை. கப்பலில் இருந்து ஒரு ஆணிகூடக் கொண்டு இறங்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு கப்பலிலும் நாலைந்து சொல் பொறுக்கிக்கொண்டுதான் இறங்குவார். "சொல்லுக்குச் சுங்கம் இல்லத்தானே," என்பார்.

இந்தப் பழக்கம் கடற்படைக்காரர்களால் வந்தது. வேலைக்குச் சேர்ந்து சில வருசத்தில் ஒரு சிங்களக் கடற்படைக்காரன் அவரைத் "தாத்தா" என்று கூப்பிட்டான். கிண்ணியாவில் தாத்தா என்றால் அக்கா. மீசை வைத்த மனிசனைப் பார்த்து அக்கா என்கிறானே என்று அபூதாஹிருக்கு முகம் கறுத்துவிட்டது. சிங்களத்தில் அது அப்பா என்று பிறகு விளங்கியது. அடுத்த மாதம் மதுரைப் பக்கத்து மாலுமி ஒருவன் அதே சொல்லால் தன் அப்பாவின் அப்பாவைச் சொன்னான். ஒரு சொல் கடலுக்கு இந்தக் கரையில் பெண், அந்தக் கரையில் கிழவன். அன்றிலிருந்து லொக் புத்தகத்தின் பின்பக்கத்தில் சொற்களை எழுதத் தொடங்கினார்.

முன்பக்கம்தான் அவரை மாட்டிவிட்டது.

வாச்சர்மாருக்கு ஒரு முறை உண்டு. ஏறியதும் லொக் புத்தகத்தில் நேரத்தைப் போட்டு "பாரமெடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அடுத்த ஆள் ஏணியால் ஏறி வந்து, கீழே தன் பங்குக்குப் "பாரமெடுத்தேன்" எழுதுவான். அதன் பிறகுதான் முதல் ஆள் "பாரம் கொடுத்தேன்" என்று எழுதி இறங்கலாம். கப்பல் ஒரு நிமிடம்கூட ஆருடைய கையிலும் இல்லாமல் இருக்கக்கூடாது. இருபத்தொன்பது வருசத்தில் அபூதாஹிர் ஒருநாளும் பாரம் கொடுக்காமல் இறங்கியதில்லை.

எட்டாம் நாள் காலையில் அடுத்த வாச்சர் சஜீத் ஏறவேண்டும். வரவில்லை. காவல் கொம்பனிக்குப் போன் எடுத்தார். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. றம்ஸியா ஓட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தாள். ஷட்டர் இழுத்துப் பூட்டிக் கிடந்தது. கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

கப்பலின் பெயர் வேண்டாம். வழக்கு இன்னும் நடக்கிறது. சரக்கு நனைந்துபோனது ஆருடைய பிழை என்பதுதான் வழக்கு. முடியும் வரைக்கும் கப்பல் அசையக்கூடாது, ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பாக மேலே இருக்கவேண்டும், பெயரைத் தாருங்கள் என்று கொழும்பு நீதிமன்றம் கேட்டது. கப்பல் முகவரின் ஆட்கள் லொக் புத்தகத்தின் கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். கட்டளையில் அபூதாஹிரின் பெயர் அச்சாகி வந்தது.

"அங்கிள், நீங்கள் இப்ப லேசுப்பட்ட ஆள் இல்லை. கோர்ட் பேப்பரில பெயர் இருக்கு," என்றாள் நதீஷா. முகவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அவள்தான் கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பாள்.

"பெரிய ஆளெண்டா இறக்கி விடுங்களன், மகள்."

"உங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் கையெழுத்து வைச்சா இப்பவே இறங்கலாம். வைக்காம இறங்கினா பொலிசுக்குப் போகும். எயார்போட்டில பெயர் விழும். பிறகு உங்கட ஹஜ்ஜும் இல்லை, ஒண்டும் இல்லை."

பொலிசை விடுங்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவன் தன் கையில் இருக்கிற அமானிதம் எல்லாவற்றையும் உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அடுத்த வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டித் தந்து வைத்த திறப்பு என்றாலும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அபூதாஹிரின் கையில் இருந்தது நூற்றுப்பதினெட்டு மீற்றர் நீளமான இரும்பு. அதை ஆரிடம் கொடுப்பது?

மாலுமிகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய், கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் நெஜ்மி, துருக்கியின் கருங்கடல் கரைச் சமையற்காரர், மலை மாதிரி ஆள். மற்றவர் ரகுபீர், பீகாரிலிருந்து வந்த இஞ்சினியர், ஒட்டிய வயிறு. ஜெனரேற்றர் பின்னேரம் இரண்டு மணித்தியாலம்தான் ஓடும். மற்ற நேரம் கச்சான் காற்று அடித்து இரும்பெல்லாம் தணலாகக் கிடக்கும். மூன்று பேரும் குசினியில்தான் ஒதுங்குவார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் கதை ஓடும்.

முதல் கிழமையே அபூதாஹிருக்கு அந்தச் சொல் அகப்பட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினார். நெஜ்மி கதிரையைத் தட்டி, "கல், கல்!" என்றார். கதிரையில் கல் கிடக்கிறதாக்கும் என்று அபூதாஹிர் தடவிப் பார்த்தார். நெஜ்மி வயிறு குலுங்கச் சிரித்தார். துருக்கியில் கல் என்றால் இரு, போகாதே.

அடுத்தது ரகுபீர். தண்ணீர் லாஞ்ச் எப்போது வரும் என்று கேட்டால், "கல்." அடுத்த நாள் கேட்டாலும், "கல்." ஹிந்தியில் அது நாளைக்கு. ஆனால் முந்தின நாள் மோட்டர் சூடாகி நின்ற கதையைச் சொல்லும்போதும் அவர் கல் என்றுதான் தொடங்கினார்.

"நேத்தும் கல், நாளைக்கும் கல்லா?" என்று அபூதாஹிர் கேட்டார்.

"மிச்ச வசனத்தைக் கேட்டால் எது என்று விளங்கும்."

"உங்கட ஆக்களுக்கு இண்டைக்கு மட்டும்தான் நிச்சயம் போல."

மூன்றாவது நதீஷாவிடமிருந்து வந்தது. தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பது அவள் வழக்கம். "அங்கிள், நடுவ கல் தாலா." வழக்கைத் தவணை போட்டுவிட்டார்கள். ஒருமுறை மூன்று கிழமை, அடுத்தமுறை ஐந்து கிழமை. நீதிமன்ற வாசலில் நின்று பழகிய எவருக்கும் அந்தச் சிங்களச் சொல் தெரியும்.

தமிழ்க் கல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கிண்ணியாத் தோணிக்காரர்கள் நங்கூரம் இல்லாவிட்டால் கயிற்றில் கட்டி இறக்குவது அதைத்தான்.

லொக் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலையும் எழுதி, அபூதாஹிர் குசினியில் வாசித்துக் காட்டினார். துருக்கிக்கும் தமிழுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றார் ரகுபீர். ஒரே பெயருள்ள நாலு பேர் ஒரே லாஞ்சில் ஏறின மாதிரி, அவ்வளவுதான்.

"சொந்தமில்லத்தான்," என்றார் அபூதாஹிர். "ஆனா நாலு பேரும் சேந்து என்னையல்லவா பிடிச்சு வச்சிரிக்கிறானுகள்."

திங்கட்கிழமை பின்னேரம் ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியதும் அவர் போனைச் செருகிவிட்டு ஒரு பட்டியலோடு உட்கார்ந்தார். அறுபத்துமூன்று பெயர். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடுவீடாகப் போய் மாப்புக் கேட்பது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளச் சொல்லவேண்டும். அவருக்குப் போக வழியில்லை, ஆகவே போன். போவோமா என்று தெரியாமலே பயணம் சொல்கிற மனிசன் தான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

பாதிப்பேர் எடுக்கவில்லை. காரணம் மூன்றாவது ஆளிடம்தான் விளங்கியது. எடுத்தவுடனேயே அவர், "தம்பி, எனக்கு இடுப்பு வருத்தம், கப்பலேற ஏலாது," என்றார். மாப்புக் கேட்க எடுத்தாலும் மாற்று ஆள் கேட்க எடுக்கிறார் என்றே ஊரெல்லாம் நினைத்தது.

சஜீத் ஐந்தாவது முறைதான் எடுத்தான்.

"காக்கா, அல்லாவுக்காக என்னைய விட்டிருங்க. அந்தக் கப்பலுக்கு ஏறினா இறங்க ஏலாது. இப்ப கல்யாண மண்டபத்தில வாச்சர். மேல் மாடிக்குப் போனாலும் படியால திரும்பி வரலாம்."

"நான் அதுக்கு எடுக்கல்லடா. மாப்புக் கேக்க எடுத்தன். நீ காவல்ல தூங்கினாயெண்டு முந்தின கொம்பனியில எழுதிக் குடுத்தன். உண்ட வேலை போச்சு."

"தூங்கினது உண்மைதானே, காக்கா."

"உண்மைதான். ஆனா அதே கிழமை நானும் தூங்கினன். அத எழுதல்ல."

சஜீத் சிரித்தான். "பொருந்திக்கிட்டன், காக்கா. போய்ட்டு வாங்க. எனக்கும் துஆக் கேளுங்க."

போன் இன்னும் வெட்டுப்படவில்லை. அவன் மனம் இளகி நிற்கிறான் என்று அபூதாஹிருக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டால் வந்தாலும் வருவான். ஆனால் இந்த நேரத்தில் கேட்டால் கேட்ட மாப்பு லஞ்சமாகிவிடும். "சரிடா, வைக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டு சஜீத்தின் பெயரைக் கீறினார்.

செவ்வாய்க்கிழமை நதீஷா எடுத்தாள். வழக்கு மறுபடி கல் தாலா, ஆறு கிழமை. ஆனால் நெஜ்மிக்கும் ரகுபீருக்கும் டிக்கெற் சரி. புதன்கிழமை சாமான் கொண்டுவருகிற லாஞ்சிலேயே இருவரும் இறங்கலாம். அபூதாஹிர் தனியாக இருப்பார்.

"எனக்குப் பதிலா ஒருத்தரும் அகப்படல்லயா, மகள்?"

"ஊரில ஒருத்தரும் வாறாங்க இல்லை. கப்பல் ஆளெண்டாலும் கோர்ட் ஏற்றுக்கொள்ளுமாம். லோயர் கேட்டுச் சொன்னவர். ஆனா அப்ப அவர் தன்ர டிக்கெற்ற விடணும். ஆர் விடுவாங்க, அங்கிள்?"

அவர் அதைக் குசினியில் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதே செய்தி ஆங்கிலத்தில் ரகுபீரின் போனுக்கும் வந்திருந்தது. ரகுபீர் அதை உரக்க வாசித்தார். முடித்ததும் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

றம்ஸியா எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"இஞ்சேருங்க, பேக்கில பச்சைப் பட்டி கட்டியிரிக்கு. நம்மட குறூப்புக்கு அந்தக் கலர்தானாம். நாளைக்கு வேன் வரும். அவுக்கவா, வேணாமா?"

"நாளைக்குச் சொல்றன், புள்ள."

"எழுவத்தொம்பது நாளும் இதத்தான் சொன்னீங்க."

"எம்பத்தொண்டு."

"எண்ணிக்கிட்டு இருங்க. உங்களுக்குக் கப்பல்தான் மூத்த பொண்டாட்டி. நான் ரெண்டாந்தாரம்." அவள் அழவில்லை. அதுதான் அவருக்கு ஏலாமல் இருந்தது.

புதன்கிழமை காலை லாஞ்ச் வருகிற சத்தம் கேட்டது. ரகுபீர் பையோடு ஏணியடியில் தயாராக நின்றார். நெஜ்மியைக் காணவில்லை. அபூதாஹிர் தேடிப் போனபோது அவர் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். பை கட்டவில்லை. சட்டிகூட இறக்கவில்லை.

"புத்தகம் கொண்டு வா," என்றார் நெஜ்மி.

"எதுக்கு?"

"பென் கலிரிம்."

இத்தனை நாளில் அபூதாஹிருக்கு அந்த அளவு துருக்கி விளங்கும். நான் இருக்கிறேன் என்கிறார்.

அபூதாஹிர் லொக் புத்தகத்தைக் கதிரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏலாது. உண்ட புள்ளையள் பாத்துக்கொண்டு இரிக்கு." தமிழில்தான் சொன்னார். நெஜ்மிக்கு அது விளங்கியிருக்கவேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து குந்தினார். மெதுவாக, தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொன்னார். எங்கள் நாட்டில் ஹஜ்ஜுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். என் உம்மாவின் பெயர் பதின்மூன்று வருசமாக உள்ளே கிடக்கிறது. ஒவ்வொரு வருசமும் அவள் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்திப் பார்ப்பாள். வராது. பெயர் வந்தவன் இப்படிக் கதிரையில் குந்தியிருந்தால் அவள் செருப்பால் அடிப்பாள். எழும்பு.

கீழே லாஞ்ச் ஓட்டுகிற ஹெக்டர் ஹோனை அடித்தார். இன்னொருமுறை அடித்தார்.

அபூதாஹிர் எழும்பினார். ஆனால் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. முதலில் தானே பேனையை எடுத்து, அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு திகதியை எழுதினார். முப்பத்தைந்து நாள் தள்ளி வருகிற புதன்கிழமை. "நான் வருவன். இதுக்குக் கீழ எழுதுவன். நீ போவாய்."

நெஜ்மி திகதியைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கப்பலுக்குத் திரும்பி வருகிற ஒருவனை நான் இன்னும் காணவில்லை."

தமிழில்தான் எழுதவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நெஜ்மி மேல் வரியைப் பார்த்துப் பார்த்து, படம் கீறுகிற மாதிரிப் "பாரமெடுத்தேன்" என்று கீறினார். அதற்குக் கீழே அபூதாஹிர் தன் வரியை எழுதினார். எண்பத்திரண்டு நாளாகக் காத்திருந்த வரி. எழுதும்போது பேனை கனத்தது.

"நானா, கீழ பாத்து இறங்குங்கோ," என்று ஹெக்டர் கத்தினார். லாஞ்சில் ரகுபீர் ஊருக்குப் போன் எடுத்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அபூதாஹிர் கப்பலைப் பார்க்காமல் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹஜ்ஜைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. றம்ஸியாதான் சொல்வாள்: கூட்டத்தில் இவர் கையை விடாமல் பிடித்திருந்ததை, அறபாவில் தான் அழுததை, பக்கத்துக் கூடாரத்தில் துருக்கிக்காரர் இருந்ததை, அங்கே போய் இவர் மணிக்கணக்காகக் கதைத்ததை. "என்னத்தக் கதைச்சாரெண்டு எனக்கெண்டா விளங்கல்ல. கைவிரலால நாள் எண்ணிக் காட்டினார். அவங்க இவர்ட தலையத் தடவினாங்க."

திரும்பி வந்தது ஞாயிற்றுக்கிழமை. வீடு நிறைய ஆட்கள். சம்சம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துக் கை ஓயவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் நதீஷாவுக்குப் போன் எடுத்தார்.

"புதன்கிழமை லாஞ்சில எனக்கு ஒரு இடம், மகள்."

"அங்கிள், உங்களுக்கு விசரா? உங்கட பெயர் இப்ப பேப்பரில இல்லை. வராட்டி ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டாங்கள்."

"ஓம், அது தெரியும்."

"ஏறினா எப்ப இறங்குவீங்கள் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

"அதுவும் தெரியும்."

றம்ஸியா முதலில் சத்தம் போட்டாள். பிறகு அவளுடைய கூடப்பிறந்த காக்கா வந்து, வக்கீலைப் பிடிப்போம், கடிதம் எழுதுவோம், அந்த மனிசனுக்கு வேறு வழியா இல்லை என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார். அபூதாஹிர் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார். காலையில் எழும்பிப் பார்த்தால் பை கட்டியிருந்தது. இந்த முறை நாலு சாரம். கட்டியது றம்ஸியா. ஆனால் அவரோடு அவள் கதைக்கவில்லை.

ஏணியால் அவர் ஏறி வருவதை நெஜ்மி மேலே நின்று பார்த்தார். மெலிந்திருந்தார், தாடி நெஞ்சுவரை வந்திருந்தது. இந்த முறையும் பை கட்டியிருக்கவில்லை. வருவார் என்று அவர் ஒருநாளும் நம்பியிருக்கவில்லை. அபூதாஹிர் புத்தகத்தை எடுத்துத் திகதிக்குக் கீழே எழுதி முடிக்கும் வரைக்கும் அசையாமல் நின்றார். பிறகு அறைக்கு ஓடினார். பதினைந்து நிமிடத்தில் சப்பாத்து நாடாவைக் கட்டாமலே வந்து, அபூதாஹிரின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு இறங்கினார்.

இப்போது கப்பலில் அபூதாஹிர் மட்டும்தான். ஜெனரேற்றரையும் ஒரு மணித்தியாலமாகக் குறைத்துவிட்டார்கள். வழக்கு ஐப்பசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. காலையில் நங்கூரச் சங்கிலியைப் பார்ப்பார், தண்ணீர்த் தாங்கியை அளப்பார், தனக்கு மட்டும் ஒரு சுண்டு அரிசி போடுவார். கதைக்க ஆளில்லாமல் நாக்குத் தடித்துவிட்டது என்று சொல்வார். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் கோபம் வரும்.

றம்ஸியா பதினொரு நாள் கதைக்காமல் இருந்தாள். பன்னிரண்டாம் நாள், மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், பாலத்தில் நின்றுகொண்டு போன் எடுத்தாள்.

"நான் பாலத்தில நிக்கிறன். அங்கால மூணு கப்பல் கிடக்கு. உங்கட எது?"

"நடுவில கிடக்கிறது. கறுப்பு."

"எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது. லைட்டப் போடுங்க."

ஜெனரேற்றர் நின்று அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அவர் போனை ஸ்பீக்கரில் விட்டு, அதன் வெளிச்சத்தைப் போட்டு, தலைக்கு மேலே பிடித்து ஆட்டினார்.

"தெரியுதா?"

"இல்ல."

மேல்தளத்தின் முன்பக்கம் வரைக்கும் நடந்து போனார். கம்பியில் ஏறி நின்று ஆட்டினார். "இப்ப?"

பாலத்தில் ஒரு பஸ் அவளைக் கடந்து போகிற சத்தம் போனில் கேட்டது.

"இல்ல. இருட்டட்டும், இன்னும் கொஞ்சம் நிக்கிறன். நீங்க கையை இறக்காதீங்க."